பழகிவிடும் என்று நீ சொன்ன படகு

சரவணா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாமல் இருப்பவள் இங்கே என் எதிரில் உட்கார்ந்து ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் "மா, கம்முனு இரு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்க மாட்டாய், அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் உன் பெண்டாட்டி பவித்ராவுக்கும் உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. பழைய படகையோ பழைய வீட்டையோ வாங்கி, அதில் பெண்டாட்டி பிள்ளையைக் குடிவைத்துவிட்டு, "எல்லாம் பழகிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிற எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படகின் மேல் கோபம் இல்லை. சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆலப்புழைப் பக்கம் ஒரு பழைய படகு வீட்டை வாங்கப் போகிறேன், அதிலேயே குடியிருந்து விருந்தாளிகளையும் தங்கவைக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, உன் பெரியம்மா நம் இட்லிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மலையச் சுத்துற ஊர்ல பொறந்தவனுக்குத் தண்ணியில இன்னாடி வேல?" என்று சிரித்தாள். "எம் புள்ள எங்க போனாலும் பொழச்சிப்பான், நீ காபியக் குடி" என்று அவள் வாயை அடைத்தவள் நான்தான். அடி அண்ணாமலையில் உழுகிற வீட்டில் பிறந்தவன் கப்பல்கூட ஓட்டலாம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதனால் "அம்மாவுக்கு ஆரம்பத்திலேர்ந்தே புடிக்கல" என்று பவித்ராவிடம் நீ சொன்ன கதையை இத்தோடு நிறுத்திக்கொள்.

பௌர்ணமிக் கூட்டம் முடிந்த மறுநாள் கடையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்பி வந்தேன். பேத்தியைப் பார்த்து மாதக் கணக்காகிவிட்டது. மழை விட்டிருந்தது. அந்தக் கால்வாய் ஓரத்தில், தென்னை மரங்களுக்கு நடுவில், மூங்கில் கூரையோடு உன் படகு நின்றதைப் பார்த்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. உள்ளே மரத்துக்கு எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாய். ஜன்னலுக்கெல்லாம் பவித்ரா தைத்த திரை. இனியா ஓடிவந்து "ஆயா" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே கால் வைப்பதற்குள் பவித்ரா ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். வீட்டுக்குள் யாராவது செருப்புப் போடுவார்களா என்று பார்த்தேன். "போட்டுக்கோங்க அத்த, குழாயத் தொட்டா லேசா சுருக்குனு இருக்கும்" என்றாள். நீ பின்னாலேயே நின்று சிரித்தாய். "பழைய போட்டுல அப்டித்தாம்மா இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்."

அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டேன். ஆனால் சாயந்திரம் பவித்ராவோடு சமையல் பண்ண நின்றபோதுதான் அந்தப் பெண் எப்படி வாழ்கிறாள் என்று தெரிந்தது. மிக்ஸி போடுவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். தண்ணீர் மோட்டார் ஓடும்போது விளக்கு மங்கிப் போகும் என்று முன்னாடியே குழந்தையிடம் சொல்லிவைத்தாள். ஈரக் கையோடு எதையும் தொடாமல் முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தொட்டாள். படுக்கிற அறையில் ஒரு சுவிட்சைக் காட்டி, "இது மேல கை வெக்காதீங்க அத்த, சுட்டுடும்" என்றாள். படகின் அடியில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் தானாக ஓட வேண்டியதாம், ஓடுவதில்லையாம், காலையில் எழுந்ததும் அவள்தான் பலகையைத் தூக்கிக் குனிந்து ஒரு குச்சியால் தட்டிவிட வேண்டுமாம். "மறந்துட்டா?" என்று கேட்டேன். "மறக்க மாட்டேன் அத்த. மறந்தா போட்டு முழுகிடும்" என்று, பாலை இறக்கி வைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற பெண் அவள். உன் படகில் அவள் பேச்சைக் குறைத்திருந்தாள். எதை நிறுத்தினோம், எதைப் போட்டோம் என்று எந்நேரமும் யோசித்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

நீயே எனக்கு ஒயரெல்லாம் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஒளித்து வைத்தாய் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. வேடிக்கை காட்டுவதுபோலக் காட்டினாய். முன்பக்கம் கட்டிலைத் தூக்கினாய். கீழே வரிசையாக பாட்டரி, அதன் முனையெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது, புளித்த வாடை அடித்தது. அதற்கு மேல்தான் இனியாவின் படுக்கை. மேலே கூரையோரத்தில் ஒயர்கள் போன இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக டேப் சுற்றி, கை மொத்தத்துக்கு இருந்தது. "இது மொத ஓனர் போட்டது, இது ரெண்டாவது ஓனர், இது நானு" என்று விரலால் காட்டிக்கொண்டே போனாய். எது எங்கே போகிறது என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாதும்மா" என்று சிரித்தாய். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கனமான செம்புக் கம்பி. "மெல்லிசு போட்டா சும்மா சும்மா போவுது." அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்த ஒயர் இரண்டையும் வெளியே இழுத்து ஒன்றாக முறுக்கி வைத்திருந்தாய். அது என்ன என்று கேட்டேன். எங்காவது கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிற சுவிட்ச் என்றாய்.

"அப்ப அத ஏன்டா கழட்டி வெச்ச?"

"அடிக்கடி விழுதும்மா. கெஸ்ட் இருக்கும்போது ஏசி நின்னா திட்டுவாங்க. அதான் டைரக்டா குடுத்துட்டேன்."

"அது விழுந்தா எங்கியோ கசியுதுனுதானடா அர்த்தம்?"

"பழைய போட்டும்மா. கொஞ்சம் ஜாஸ்தி ஈரம் ஏறினாலே விழும். நீ கவலப்படாத."

அந்த இடத்தில் நீ எனக்குச் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஒரு பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அது உனக்குத் தொந்தரவாகப் போய்விட்டது. அதனால் அதன் வாயைக் கட்டிவிட்டாய். என் கோபத்தில் பாதி அந்தப் பெட்டிக்குத்தான்.

இதையெல்லாம் அறியாத வீட்டில் நீ வளரவில்லை. நீ கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு பௌர்ணமி அன்று காலையில் நம் கடை கிரைண்டரைத் தொட்டபோது என் விரலில் சுருக்கென்றது. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் வந்து மெயினை நிறுத்தினார், ஷட்டரை இறக்கினார். கிரிவலம் வருகிற கூட்டம் ஆரம்பித்துவிட்டது, ஊறவைத்த அரிசி உளுந்தெல்லாம் அண்டா அண்டாவாக நிற்கிறது. நீதான் போய்க் கேட்டாய். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கலாமேப்பா. நாளைக்கு ஆள வெச்சுப் பாத்துக்கலாம்." அவர் உன்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாவுல கைய வுடப் போறவ உங்கம்மா. அவளுக்கு ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாதுனு உனக்கு எவன் எழுதிக் குடுத்தான்?" அன்றைக்குக் கடை திறக்கவில்லை. ஊறின அரிசியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். உன் அப்பா என்னிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசின மனுஷன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் அவரோடு இத்தனை வருஷம் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறேன். நீ உன் பெண்டாட்டியிடம் நாள் முழுக்க ஆசையாகப் பேசுகிறாய். ரப்பர் செருப்பைக் கொடுத்துவிட்டுப் பேசுகிறாய்.

நான் படகுக்கு வந்த அடுத்த நாள் இனியாவுக்குக் கால்வாயில் குளியல். படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்குகிற இரும்பு ஏணியில் அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவது உனக்கும் அவளுக்கும் விளையாட்டு. அன்றைக்குக் குழந்தை ஏணியில் கால் வைத்ததும் அழுதாள். "தண்ணி கடிக்குதுப்பா" என்றாள். நீ சிரித்தாய். "மீனு கடிச்சிருக்கும்டி செல்லம். கிச்சுகிச்சு மூட்டுது உன்ன." பவித்ரா அங்கேயே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "இல்லீங்க, காலையில எனக்கும் கை மரத்துப் போற மாரி இருந்துச்சு" என்றாள். "மழத் தண்ணி, சில்லுனு இருக்கும், அதான்" என்றாய் நீ. இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி நாலு வயசுக் குழந்தை, பொய் சொல்லத் தெரியாதவள். இன்னொருத்தி நீ சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகியவள், அவளே வாயைத் திறந்து சொன்னாள். இரண்டு பேருக்கும் உன்னிடம் பதில் தயாராக இருந்தது.

அதற்கு மறுநாள் காலையில் நடந்ததை நீ முழுசாகப் பார்க்கவில்லை. நீ உள்ளே, வரப்போகிற விருந்தாளிகளுக்காகக் குளியலறையில் புதிதாக மாட்டின வெந்நீர் ஹீட்டரைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாய். பார்த்தவள் நான். அதனால் நீ இதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

பவித்ரா பின்பக்கம் உட்கார்ந்து இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூடி கை நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்துகொண்டே நகர்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியும், அங்கே ஆழமும் கம்மி. ஏணியில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் இரண்டு எட்டு வைத்து மூடியை எட்டிப் பிடிக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். கத்தவில்லை. கை நீட்டினபடியே இருந்தது. முகம் மட்டும் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டது. நான் முதலில் பாம்பு ஏதாவது பார்த்துவிட்டாளோ என்று நினைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு "அத்த... காலு..." என்றாள். அவ்வளவுதான். மூடி அவள் விரலுக்கு எதிரில் சுற்றிக்கொண்டு நின்றது. அவள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, தண்ணீர் தாடையைத் தொட்டது.

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்து இனியா கைதட்டிச் சிரித்துக்கொண்டே ஏணிப் படியில் காலை வைத்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் பலகையில் விழுந்து வீறிட்டு அழுதாள். என் கால் தண்ணீரில் குதிக்கத்தான் போனது. எந்த அம்மாவுக்கும் அதுதான் முதலில் தோன்றும். எதிரில் ஒரு பெண் முழுகுகிறாள், நான் படகில் நிற்கிறேன். ஆனால் தண்ணி கடிக்குது என்று குழந்தை சொன்னது அந்த நொடியில் எனக்குக் கேட்டது. இது தண்ணீர் இல்லை, கரண்ட் என்று புரிந்துவிட்டது. செருப்புக் காலோடு பலகை வழியாகக் கரைக்கு ஓடினேன். கரையிலிருந்து படகுக்குக் கரண்ட் வருகிற அந்தக் கம்பத்துப் பெட்டியில் பிளக் இருந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தரம் காலை ஊன்றி இழுத்தேன். பிய்த்துக்கொண்டு வந்து நான் மல்லாந்து விழுந்தேன்.

படகுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "யாருமா கரண்ட ஆஃப் பண்ணது? ஃப்ரிட்ஜு நின்னுடும்!"

சரவணா, நீ ஒன்றும் தெரியாமல்தான் கத்தினாய் என்று எனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி வெளியே செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாய். ஆனாலும் என் காதிலிருந்து அந்த வார்த்தை போக மாட்டேன் என்கிறது. "பவித்ரா தண்ணியிலடா!" என்று நான் போட்ட கூச்சலில் நீ ஓடிவந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் குதித்து, தண்ணீருக்குள் போயிருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அவள் வாயிலிருந்து தண்ணீரை எடுத்தாய், அவள் மூச்சு திரும்பியதும் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். அதையும் நான் பார்த்தேன், அதையும் எழுதுகிறேன். நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, சீ என்று விட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பினோம். நீ கூப்பிட்ட எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டரில் கசிந்த கரண்ட் போக ஒழுங்கான எர்த் இல்லை, பழைய ஒயர் வழியாகப் படகின் இரும்பில் ஏறி, ஏணி வழியாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது, ஹீட்டர் போடாதபோதும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்று அவர் மலையாளத்தில் சொன்னது எனக்கே புரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். நீ என்ன சொன்னாய்? "சீசன் முடியட்டும்" என்றாய். ஹீட்டரை மட்டும் கழற்றச் சொன்னாய். அவர் போன பிறகு கரைக்குப் போய் அந்தப் பிளக்கை நீயே திரும்பச் செருகினாய். காலையில் அழுத கண்ணின் சிவப்புக்கூட உனக்குப் போகவில்லை.

"மறுபடியும் ஏன்டா குடுக்குற?"

"நாளைக்குக் காலையில கெஸ்ட் வராங்கம்மா. ஹீட்டருதான் பிரச்சன, அத எடுத்தாச்சு. ஒண்ணும் ஆவலல்ல? விடு."

ஒன்றும் ஆகவில்லை. இந்த வார்த்தையை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? எங்களிடம் இல்லை. நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயந்திரம் நம் கழனியோரக் கம்பத்தைத் தாங்கி நின்ற கம்பியில் கரண்ட் இறங்கி, நம் சிவப்புப் பசு அதில் உரசி விழுந்தது. கன்றிலிருந்து உன் அப்பா வளர்த்த பசு. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உடுப்போடு அதை நோக்கி ஓடினாய். உன் அப்பா பின்னால் பாய்ந்து உன் சட்டையைப் பிடித்துச் சேற்றில் தள்ளினார். பசு கால்களை உதைத்துக்கொண்டிருந்தது, நம்மையே பார்த்தது. கரண்ட் ஆபீசுக்குச் சொல்லி லைனை நிறுத்தும்வரை அவர் தொடவில்லை, யாரையும் தொடவிடவில்லை. நீ அவரைக் கொலைகாரன் என்று திட்டினாய். அவர் நின்று அழுதார். பிறகு நம் வயலில் எல்லாக் கம்பியையும், பம்பு செட்டையும் பார்த்துச் சரிசெய்யும்வரை தண்ணீர் பாய்ச்சவில்லை. நெல்லு காய்ந்தது. காயட்டும் என்றார். ஒரு மாட்டுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. நீ அந்தச் சேற்றில் கிடந்து பார்த்தவன். தெரியாத பிள்ளை என்று உன்னை நான் எப்படி மன்னிப்பேன்?

மறுநாள் காலை நடந்ததற்குத்தான் நீ என் மேல் கோபமாக இருக்கிறாய். சேலத்திலிருந்து அந்தக் குடும்பம் வந்து இறங்கியது. வயசான ஒரு பெரியவர், புருஷன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகள் கையில் காற்றடித்த மிதவை. தண்ணீரில் விளையாட வந்திருக்கிறார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன். "இந்தப் போட்டுல ஏறாதீங்க. நேத்துதான் எம் மருமவள கரண்ட்டு புடிச்சுது" என்றேன். நீ ஓடிவந்து சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "அம்மாக்கு வயசாயிடுச்சு சார், சும்மாவே பயந்துக்குவாங்க" என்றாய். என்னைக் கிறுக்கி ஆக்கினாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகளின் அம்மா உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பவித்ராவைப் பார்த்தாள்.

"நெசமாங்க?" என்று கேட்டாள்.

பவித்ரா உன்னைப் பார்த்தாள். நீ தலையை ஆட்டினாய், இல்லை என்று சொல்லச் சொல்லி. நான் அதைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து உன் பேச்சைத் தட்டாத பெண் அவள்.

"ஆமாங்க" என்றாள். "நேத்து நான் செத்திருப்பேன். புள்ளைங்கள எறக்காதீங்க."

அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேமா" என்று நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். பவித்ரா உள்ளே போய் இனியாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணிமணிகூட எடுக்கவில்லை. நான் கூப்பிடவில்லை, சரவணா. உன் பெண்டாட்டியை நான் பிரித்துக் கூட்டிவந்துவிட்டேன் என்று உன் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாயாம். பலகையைத் தாண்டிக் கரையில் கால் வைத்ததும் அவள் அந்த ரப்பர் செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலோடு என் முன்னால் நடந்தாள். நான்தான் அவள் பின்னால் போனேன்.

இங்கே வந்து முதலில் அவள் நிறையத் தூங்கினாள். கையில் மரமரப்பு இன்னும் போகவில்லை, பாத்திரம் பிடித்தால் நழுவுகிறது, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். இனியா இரண்டு நாள் குளிக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாள். உன் அப்பா வாளித் தண்ணீரில் தன் கையை விட்டுக் காட்டிக் காட்டித்தான் பழக்கினார். பவித்ரா இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போகிறாள். பழையபடி பேச ஆரம்பித்திருக்கிறாள். நேற்று சுவிட்சைப் போடப் போனவள், பழக்கத்தில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிறகு தானே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழகிக்கோ என்று நீ அவளுக்குச் சொன்னது அவள் கைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

போன வாரம் அவளுக்கு நீ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய். படகிலிருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிக் கரையில் குவித்து வைத்திருக்கிற போட்டோ. ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கருகினது, பிசுபிசுத்தது, எலி கடித்தது. அவள் அதை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதெல்லாமா எங்க தலைக்கு மேல இருந்துச்சு, அத்த?" என்றாள். உனக்குப் பதில் போடவில்லை. போடச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். அவள் திரும்பி வருவாளா என்பதை அவளிடம் கேள், அவள் சொல்லும்வரை காத்திரு. நீ பிடுங்கியது நல்ல காரியம்தான். பிடுங்கிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. புதிதாகப் போடுகிற ஒயரும் ஒரு நாள் பழசாகும். அன்றைக்கு உன் வீட்டில் ஒருத்தி, இங்கே சுருக்கென்கிறது என்று சொல்வாள். நீ அப்போது என்ன செய்வாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சுவிட்ச் விழுந்தால் எதற்காக விழுந்தது என்று தேடு. குழந்தை கடிக்குது என்றால் தண்ணீரை விட்டு அவளைத் தூக்கு, பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும், எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு, அந்த ஏணி வழியாக முதலில் நீ தண்ணீரில் இறங்கிக் காட்டு என்று இந்தக் கடிதத்தை முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை எழுத இரண்டு தரம் பேனாவைத் தாளில் வைத்தேன். என்னால் முடியவில்லை. இவ்வளவு கோபத்திலும், வெறும் காகிதத்தில்கூட, என் பிள்ளையை அந்தத் தண்ணீரில் இறக்க எனக்குக் கை வரவில்லை. நீ உன் பிள்ளையைத் தினமும் இறக்கினாய்.

அம்மா